அந்தச் சீட்டுக்குப் பதில் சொல்லிவிட்டு ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள்

கேள்வி:

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 34. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். மகளிர் சுய உதவிக் குழுவில் செயலாளராக இருக்கிறேன். போன வருடம் எங்கள் தெருவில் பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு, "பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யாராவது சொல்லிக் கொடுத்தால் நல்லது" என்று குழுவில் இருந்த அம்மாக்களே சொன்னார்கள். நானும் அங்கன்வாடி டீச்சரும் நர்சம்மாவும் சேர்ந்து சனிக்கிழமை சாயங்காலம் நூலகக் கட்டடத்தில் வகுப்பு ஆரம்பித்தோம். 11 முதல் 16 வயது வரை இருபது பிள்ளைகள் வந்தார்கள். உடம்பில் வரும் மாற்றம், மாதவிடாய், தப்பான தொடுதல் இவைதான் பாடம். கேள்விகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதி டப்பாவில் போடச் சொன்னோம்.

நான்காவது வாரம் கருப்பை, ஆணுறுப்பு படம் போட்ட சார்ட்டை யாரோ போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "பிள்ளைகளைக் கெடுக்கிறாங்க" என்று பேசியும் அனுப்பிவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறார்களாம். என் கணவரின் அண்ணனே "மானத்தை வாங்காதே, நிறுத்து" என்கிறார். வகுப்பு வைக்கச் சொன்ன அம்மாக்கள் இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதுதான் அதிகமாக வலிக்கிறது. நிறுத்திவிடவா? கூட்டத்தில் என்ன பேசுவது?

பின்குறிப்பு: டப்பாவில் ஒரு சீட்டு இருந்தது. "ராத்திரி தூக்கத்துல டவுசர் நனைஞ்சு போகுது. இது நோயா? ரத்தம் குறைஞ்சு செத்துருவேனா?" பதில் சொல்வதற்குள் வகுப்பு நின்றுவிட்டது.

(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் இந்தச் சனிக்கிழமை அதே வகுப்பைப் பழைய மாதிரியே நடத்தவும் வேண்டாம்.

முதலில் அந்த அம்மாக்களைப் பற்றிச் சொல்கிறேன். அவர்கள் மனம் மாறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. போட்டோ வந்த அன்று ராத்திரி அவர்கள் ஒவ்வொருவரையும் வீட்டில் மாமியாரோ கணவரோ கேட்டிருப்பார்கள்: "அங்கே என்னதான் சொல்லிக் கொடுக்கிறாங்க?" அதற்குச் சொல்ல அவர்களிடம் பதில் இல்லை. ஏனென்றால் பாடம் பிள்ளைகளுக்கு நடந்தது, அம்மாக்களுக்கு நடக்கவில்லை. தெரியாத ஒன்றுக்காக வீட்டில் சண்டை போட யாரால் முடியும்?

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராகச் சேர்ந்த புதிதில், வயிற்று வலி என்று ஒரு பதினைந்து வயதுப் பெண்ணைக் கூட்டி வந்தார்கள். பிரசவ வலி. அவளுக்கே அது தெரியாது. மாதவிடாய் நின்றதற்கும் குழந்தைக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அந்த ஆத்திரத்தோடு ஒரு பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கி, ஒரே நாளில் எல்லாவற்றையும் படம் போட்டுச் சொன்னேன். சொன்னது அத்தனையும் சரிதான். மறுநாள் காலையில் பெற்றோர்கள் வாசலில் நின்றார்கள். அதன்பிறகு பல வருடம் அந்தப் பள்ளி யாரையும் உள்ளே விடவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான் நல்லது செய்ததாக இன்றுவரை சொல்ல முடியாது.

நாட்டு அளவிலும் இதுதான் நடந்தது. 2005இல் மத்திய அரசு, பள்ளிகளுக்காக வளரிளம் பருவக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த காலம். ஆசிரியர்களுக்குப் படங்களோடு கையேடு கொடுத்தார்கள். 2007இல் அந்தப் படங்களை வைத்தே எதிர்ப்பு கிளம்பியது. மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத் என்று பல மாநிலங்கள் தடை போட்டன அல்லது நிறுத்தி வைத்தன. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றே பரிந்துரைத்தது. உங்கள் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த ஒரு போட்டோவுக்கு இவ்வளவு பெரிய முன்கதை இருக்கிறது. அதனால் இதை உங்கள் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதே காலத்தில் ஜார்க்கண்டில் 2006இல் தொடங்கிய 'உடான்' என்ற வளரிளம் பருவக் கல்வித் திட்டம் நின்றுவிடவில்லை. அது பணக்கார மாநிலமும் இல்லை, கட்டுப்பாடு தளர்ந்த ஊரும் இல்லை. அங்கே மாநிலக் கல்வித் துறை அதைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. உள்ளூர் நிலைமைக்கு ஏற்றபடி, சம்பந்தப்பட்டவர்களோடு பேசிப் பாடத்தை அமைத்தார்கள். அந்த ஊர் ஆசிரியர்களையே தயார் செய்தார்கள். கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல உள்ளூரில் ஆள் இருந்தது. இத்தனை வருட அனுபவத்தில் எனக்குப் புரிந்ததும் இதுதான்: எந்தப் பாடம் என்பதைவிட, இது யாருடைய வகுப்பு என்பதில்தான் எதிர்ப்பு அடங்குவதும் கிளம்புவதும் இருக்கிறது. உங்கள் வகுப்பை அம்மாக்கள் கேட்டு ஆரம்பித்தீர்கள். ஆனால் நடந்தபோது அது உங்கள் மூன்று பேரின் வகுப்பாகிவிட்டது.

எனவே ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு அம்மாக்களுக்கு ஒரு வகுப்பு வையுங்கள். பிள்ளைகளுக்குக் காட்டிய அதே சார்ட், அதே வார்த்தைகள். எதையும் ஒளிக்காதீர்கள், எதையும் மென்மையாக்காதீர்கள். ஐந்து பேர் வந்தாலும் போதும். பாட்டிமார்களையும் கூப்பிடுங்கள். நான் பார்த்த வரையில் இந்த விஷயத்தில் பாட்டிகள் அம்மாக்களைவிடத் தைரியசாலிகள். தங்களுக்கு ஒன்றுமே தெரியாமல் கல்யாணம் ஆனதை அவர்கள் மறக்கவில்லை. அப்பாக்களுக்கு வேறொரு நாள், நர்சம்மாவோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரோ சுகாதார ஆய்வாளரோ வந்து பேசட்டும்.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக எதிர்ப்பதில்லை. நிறையப் பேருக்கு இருப்பது நிஜமான பயம். தெரிந்துகொண்டால் செய்து பார்க்கத் தோன்றுமே என்ற பயம். இதை அலட்சியமாகப் பேசாதீர்கள், அது பாசத்தில் வருவது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி, இப்படிப்பட்ட கல்வியால் பிள்ளைகள் சீக்கிரமாக உடலுறவில் இறங்குவதில்லை என்று சொல்கிறது. ஆனால் ஊரில் யுனெஸ்கோ என்றால் யார் கேட்பார்கள்? நான் இப்படித்தான் சொல்வேன்: "அந்தக் காலத்தில் வயதுக்கு வந்த கொஞ்ச நாளில் கல்யாணம். அத்தையோ பெரியம்மாவோ காதில் நாலு வார்த்தை சொல்லி அனுப்பினார்கள். இப்போது வயதுக்கு வருவது பன்னிரண்டில், கல்யாணம் இருபத்திரண்டில். நடுவில் இருக்கும் பத்து வருடமும் அந்த நாலு வார்த்தையை யார் சொல்வது? கையில் இருக்கும் செல்போன் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது."

இன்னொன்றும் சொல்வேன். நம் ஊரில் பெண் வயதுக்கு வந்தால் பத்திரிகை அடிக்கிறோம், மண்டபம் பிடிக்கிறோம், தாய்மாமன் சீர் வருகிறது, ரோட்டில் பிளெக்ஸ் வைக்கிறோம். ஊருக்கே தெரியும். அவளுக்கு என்ன நடந்தது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. மஞ்சள் நீராட்டு மேடையில் நலங்கு வைக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று. வயிற்றில் புண் என்று நினைத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

"இதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம்" என்றும் ஒரு குரல் வரும். 1920களிலேயே மும்பையில் ர.தோ. கார்வே என்ற கணிதப் பேராசிரியர் இதற்காகவே மராத்தியில் பத்திரிகை நடத்தினார். வேலையும் போனது, ஆபாச வழக்குகளும் வந்தன. 1934இல் அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் அம்பேத்கர். வழக்கு எதற்காக என்றால், பாலியல் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பத்திரிகையில் பதில் எழுதியதற்காக. (உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் அவர் நினைவுதான் வந்தது.) நம் பக்கத்திலும் சுயமரியாதை இயக்கத்தார் 1930களில் கர்ப்பத்தடை பற்றி மேடையில் பேசினார்கள், எழுதினார்கள். ஆக, இது வெளியிலிருந்து வந்த பேச்சு மட்டும் இல்லை.

அப்புறம், வெளியே சொல்லாத ஒரு காரணம் உண்டு. பெண் பிள்ளைக்கு "உன் உடம்பு உன்னுடையது, வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு" என்று சொல்லிக் கொடுத்தால், நாளைக்கு மாப்பிள்ளையையும் அவளே வேண்டாம் என்பாளோ, வேறு சாதியில் ஒருவனை வேண்டும் என்பாளோ என்ற கலக்கம். மானம் என்ற சொல் கூட்டத்தில் அடிக்கடி வந்தால், பேச்சு கருப்பைப் படத்தைப் பற்றியது இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். இவர்களோடு அன்றைக்கே வாதாடி ஜெயிக்க முடியாது. முயற்சியும் செய்ய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், பயத்தில் மட்டும் எதிர்க்கிற அப்பாவைப் பார்த்துப் பேசுங்கள்.

மூன்றாவதாக ஒன்று. இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. 2007இல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். அதனால் எந்த ஊரிலும், பிள்ளைகள் வாய் திறந்துவிடக் கூடாது என்று நினைக்கும் ஒருவர் இருக்க வாய்ப்புண்டு. யாரையும் சந்தேகப்பட்டுப் பேசாதீர்கள். மனதில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பை ஏன் கைவிடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் காரணம்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். தனியாகப் போகாதீர்கள். நர்சம்மா, அங்கன்வாடி டீச்சர், முடிந்தால் பெண் வார்டு உறுப்பினர் ஒருவர், அந்த வாரம் வகுப்பில் உட்கார்ந்த அம்மாக்கள் இரண்டு பேர் உங்களோடு வரட்டும். கையில் அரசுப் பாடப் புத்தகம் இருக்கட்டும். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் பற்றித் தனிப் பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்க உறுப்புகளின் படமே இருக்கிறது. பல பள்ளிகளில் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போய்விடுகிற பக்கங்கள் அவை. புத்தகத்தைப் பிரித்து, "எங்கள் சார்ட்டில் இருந்ததும் இதுதான், உங்கள் வீட்டு அலமாரியிலும் இது இருக்கிறது" என்று காட்டுங்கள். நூறு வார்த்தை பேசுவதைவிட இது வேலை செய்யும்.

உச்ச நீதிமன்றமும் உங்கள் பக்கம் பேசியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், 2024 செப்டம்பர் 23 அன்று வந்த தீர்ப்பு, பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுக்கும் என்பது தவறான எண்ணம் என்று சொன்னது. ஜார்க்கண்டின் உடானையும் எடுத்துக்காட்டியது. அந்தப் பக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் அதை நீட்டாதீர்கள். சட்டத்தை எடுத்த எடுப்பில் காட்டினால், பயந்து பேச வந்தவரும் முறைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

எதிர்ப்பாக ஒரு முடிவு வந்துவிடும் போலத் தெரிந்தால், இதைக் கிராம சபையில் பேசலாம் என்று கேளுங்கள். பல இடங்களில் ஊர்க் கூட்டம் என்பது ஒரு பிரிவு வீடுகளின் ஆண்கள் கூடுவது. கிராம சபை அப்படி இல்லை. வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லோரும், பெண்களும், எல்லாத் தெருக்காரர்களும் உட்காரும் சட்டப்படியான சபை. நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு முறை நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து வகுப்பு நடத்த அங்கே ஒரு தீர்மானம் போட்டுவிட்டால், பிறகு அது உங்கள் மூன்று பேரின் காரியமாக இருக்காது.

விட்டுக்கொடுக்கக் கூடியவற்றைத் தாராளமாக விட்டுக்கொடுங்கள். 11 வயதையும் 16 வயதையும் ஒன்றாக உட்கார வைத்தது சரியில்லை. இதில் உங்களோடு நான் உடன்படவில்லை, பெற்றோர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டாகப் பிரியுங்கள். சில பாடங்களுக்கு ஆண், பெண் தனித்தனியாக இருக்கட்டும். விரும்பும் பெற்றோர் பின்னால் உட்காரட்டும். வகுப்பில் செல்போன் வேண்டாம், உங்களுடையதும்கூட. எந்தப் பிள்ளையையும் தன் சொந்த அனுபவத்தை எல்லோர் முன்னாலும் சொல்லச் சொல்லாதீர்கள்.

ஆனால் உறுப்புகளின் சரியான பெயர்களை விட்டுவிடாதீர்கள். பெயர் தெரியாத இடத்தில் என்ன நடந்தது என்று ஒரு குழந்தையால் எப்படிச் சொல்ல முடியும்? "வெளியாள் தொட்டால் சொல்" என்று சுருக்கிக்கொள்ளவும் சம்மதிக்காதீர்கள். மாமாவானாலும் டீச்சரானாலும் பூசாரியானாலும் அதே விதிதான். பெரிய பிள்ளைகளுக்குக் கர்ப்பம் எப்படி உண்டாகிறது, எப்படித் தடுப்பது என்ற பாடமும், 18 வயதுக்கு உட்பட்டவரோடு உடலுறவு கொள்வது, இருவரும் விரும்பினாலும், போக்சோ சட்டத்தில் குற்றம் என்ற விவரமும் கட்டாயம் வேண்டும். இது தெரியாமல் வழக்கில் மாட்டிக்கொண்ட பையன்களின் அம்மாக்கள் என் முன்னால் அழுதிருக்கிறார்கள்.

"பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்துங்கள், நாப்கின் விஷயம் மட்டும் சொல்லுங்கள்" என்று ஒரு சமரசம் வரலாம். அன்பாகத்தான் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பையன்களை விட்டுவிட்டால் பாதுகாப்பு முழுவதையும் பெண் பிள்ளைகளின் தலையில் கட்டியதாகிவிடும். அவர்களுக்கும் பயம் இருக்கிறது, கேட்க ஆள்தான் இல்லை.

ஒரு எச்சரிக்கை. வகுப்பு நடந்தால், என்றாவது ஒரு பிள்ளை உங்களிடம் வந்து தனக்கு நடந்ததைச் சொல்லும். பதறாமல் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், "உன்மேல் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் 19வது பிரிவு. தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். "ஊரிலேயே பேசி முடித்துவிடலாம்" என்று யார் வந்தாலும், எவ்வளவு பெரியவர் வந்தாலும், அந்தப் பேச்சில் உட்காராதீர்கள்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அண்ணன் சொல்வதை எழுதியிருக்கிறீர்கள், அவர் என்ன நினைக்கிறார் என்று எழுதவில்லை. கூட்டத்துக்கு முன்னால் அவரிடம் சார்ட்டைக் காட்டிப் பேசுங்கள். அண்ணனிடம் நீங்கள் பேசுவதைவிட அவர் பேசுவது நல்லது.

கடைசியாக அந்தச் சீட்டு. இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பையன் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊர்ச் சுவர்களில், ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்களின் போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம், ஆண்மைக் குறைவு. ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்று கேள்விப்பட்டுத் தூங்காமல் கிடக்கும் பையன்கள் ஏராளம். 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் இந்தப் பயத்துக்கு 'தாத்' நோய்க்குறி என்று பெயரே வைத்தார். விந்து போவதால் உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. பயத்தால்தான் களைப்பு, தூக்கமின்மை, படிப்பில் கவனம் சிதறுவது எல்லாம் வருகின்றன. இந்தப் பையனும் எங்கேயோ அதைக் கேட்டிருக்கிறான். அவன் எழுதியதில் ரத்தம் என்ற வார்த்தை இருக்கிறது பாருங்கள்.

யார் எழுதியது என்று தேடாதீர்கள். சாயங்காலம் பையன்கள் வாலிபால் விளையாடும் இடத்துக்குச் சுகாதார ஆய்வாளரைப் போகச் சொல்லுங்கள். விளையாட்டு முடிந்து தண்ணீர் குடிக்கும் நேரத்தில் எல்லோருக்கும் பொதுவாக அவர் சொல்லட்டும்: "உங்கள் வயதில் தூக்கத்தில் விந்து வெளியேறுவது சாதாரணம். நோய் இல்லை. ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உடம்பு வளர்கிறது என்று அர்த்தம். மருந்து வேண்டாம், எந்த வைத்தியரிடமும் போய்க் காசு கொடுக்க வேண்டாம். காலையில் குளித்துவிட்டு, டவுசரைத் துவைத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போங்கள். எரிச்சலோ வலியோ இருந்தால் மட்டும் என்னிடம் வாருங்கள்."

இரண்டு நிமிடம்தான் ஆகும். நாளைக்கே சொல்லச் சொல்லுங்கள்.